யாருடைய உடலில் சோதனை, யாருடைய கையில் மருந்து?

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடித்தவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு நோய்க்குப் புதிய மருந்து வந்தால், அதை ஆய்வுகூடத்திலே கண்டவர் யார், அவருக்குக் கிடைத்த பரிசு யாது என்பன நூல்களில் இடம்பெறுகின்றன. அம்மருந்தை முதன்முதலில் விழுங்கிப் பார்த்தவர் யார், எந்த நிலையில் அதற்கு உடன்பட்டார், பின்னர் அவர் என்ன ஆனார் என்பன எழுதப்படுவதில்லை. கோபுரம் எடுப்பித்த மன்னனின் பெயர் கல்வெட்டில் நிலைத்திருக்க, கல் சுமந்தவனின் பெயர் இல்லாது போனதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. ஆண்களை முதுமையிலே பற்றும் ஒரு புற்றுநோயை முன்வைத்து, மருந்துச் சோதனைகளின் கதையைக் கல் சுமந்தவர்களின் பக்கத்திலிருந்து நோக்க முயல்கிறது இக்கட்டுரை. அவ்வாறு நோக்கும்போது ஒரு வினா முன்னெழுகின்றது. ஒரு சோதனை எவருடைய கேள்விக்கு விடை காண்பதற்காக நடைபெறுகின்றது என்பதே அவ்வினா.

சிறுநீர்ப்பையின் வாயிலில், சலக்குழாயைச் சுற்றி, நெல்லிக்காய் அளவில் ஒரு சுரப்பி ஆண்களுக்கு உண்டு. 'முன்னால் நிற்பவன்' என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து 'புரொஸ்டேட்' என்ற பெயர் அதற்கு வந்தது. அப்பொருளை உணர்ந்தே நம் நாட்டுத் தமிழ்ப் பாடநூல்கள் அதனை 'முன்னிற்கும் சுரப்பி' என வழங்கின. தமிழகத்தில் புராஸ்டேட் என்றே எழுதுவர். வயது முதிர முதிர இச்சுரப்பி பருத்துச் சலம் போவதை நெருக்குவது பொதுவான நிகழ்ச்சி. அது பெரும்பாலும் தீங்கற்றது. சிலரிடத்தோ அதே சுரப்பியிலே புற்று முளைக்கிறது. வன்னியிலே வயலும் தோட்டமுமாக உழைத்து எழுபதைக் கண்ட முதியவர், இரவில் நாலைந்து முறை எழுந்து வெளியே போவதை 'வயது போனால் அப்படித்தான்' என்று தள்ளிவிடுகிறார். இடுப்பு வலியை மண்வெட்டி பிடித்த வலி என்கிறார். நோய் எலும்பிலே பரவிய பின்னரே பலர் வைத்தியசாலைப் படியை மிதிக்கின்றனர்.

இந்நோய்க்கு உரிய முதல் பெரிய வெளிச்சம் 1941 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. சார்ள்ஸ் ஹகின்ஸ் என்ற அறுவை வைத்தியரும் அவருடன் பணியாற்றிய கிளறன்ஸ் ஹொட்ஜஸ் என்பவரும், இப்புற்று ஆண்மை ஓமோனை உண்டே வளர்கிறது என்பதைக் காட்டினர். விதைகளை அகற்றினாலோ, பெண்மை ஓமோனைக் கொடுத்தாலோ புற்று ஒடுங்கிற்று. எலும்பு வலியால் படுத்த படுக்கையானவர்கள் எழுந்து நடந்தனர். நோய் முற்றிய 21 ஆண்களிடத்தே விதை நீக்கிப் பெற்ற அனுபவம் அவ்வாண்டிலேயே வெளியாயிற்று. ஒரு புற்றுநோயை உடலின் இரசாயன நிலையை மாற்றி அடக்கலாம் என்பது மருத்துவ உலகுக்குப் புதிய செய்தி. இன்று 'இலக்கு மருந்துகள்' என்று பேசப்படும் அனைத்துக்கும் அதுவே வித்து எனலாம். 1966 இல் ஹகின்ஸ் நொபெல் பரிசு பெற்றார். அந்த 21 பேரின் பெயர்களை உலகம் அறியாது.

பெண்மை ஓமோனைச் செயற்கையாக ஆக்கும் வழியும் அப்போது கைவசம் இருந்தது. இலண்டன் மிடில்செக்ஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த சார்ள்ஸ் டொட்ஸ் என்பவர் 1938 இல் ஸ்டில்பெஸ்டிரோல் என்னும் மலிவான பொருளைக் கண்டார். பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபையின் பொதுப்பணத்தில் நடந்த ஆய்வாதலால், அதற்குக் காப்புரிமை பெறப்படவில்லை. செய்முறை உலகறிய அச்சிடப்பட்டது. எந்த நாடும் எந்த நிறுவனமும் அதனைச் செய்யலாம் என்ற நிலை இருந்தது. அறிவு பொதுச்சொத்து என்ற கொள்கை மருந்துலகிலே நடைமுறையில் இருந்த காலமும் உண்டு என்பதை நாம் மறத்தலாகாது.

ஆனால் மலிவும் நல்லெண்ணமும் மட்டும் ஒரு மருந்தை நல்ல மருந்தாக்கிவிடா. ஸ்டில்பெஸ்டிரோல் இருபது ஆண்டுகளாக உலகெங்கும் நோயாளருக்குக் கொடுக்கப்பட்டது. புற்று ஒடுங்குவதைக் கண்ட வைத்தியர்கள் மகிழ்ந்தனர். நோயாளர் நீண்ட நாள் வாழ்கின்றனரா என்பதை எவரும் ஒழுங்காக எண்ணிப் பார்க்கவில்லை. 1960 இல் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் வைத்தியசாலைகள் ஒன்றுசேர்ந்து அதனை எண்ணத் தொடங்கின. 2,000 இற்கு மேற்பட்ட நோயாளர் குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு விதை நீக்கம், ஒரு குழுவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் மருந்து, இன்னொரு குழுவுக்கு மருந்தில்லாத வெறும் குளிகை என்றவாறு சிகிச்சைகள் வகுக்கப்பட்டன. 1967 இல் வெளிவந்த முடிவு வைத்திய உலகைத் திடுக்கிடச் செய்தது. மருந்து புற்றால் வரும் மரணத்தைக் குறைத்தது; அதே வேளை இதயமும் இரத்தக் குழாய்களும் பழுதுற்று வரும் மரணத்தைக் கூட்டிற்று. ஒரு வாயிலில் காத்தவனை மறு வாயிலில் இழந்தனர். 1 மில்லிகிராம் போதும் என்பது பின்னர் நடந்த சோதனையில் தெரியவந்தது.

இதே மருந்து கருவுற்ற பெண்களுக்கும் தக்க சோதனையின்றிப் பல்லாண்டுகள் கொடுக்கப்பட்டு, அவர்கள் பெற்ற பெண்மக்களிடத்தே அரிய புற்றுநோயை விளைவித்தது 1971 இல் வெளிப்பட்டது. எனவே மருந்தைச் சோதித்தல் தவறு என்று எவரேனும் கூறின் அது பேதைமை. சோதிக்காமல் கொடுப்பதே பெருந்தவறு. நம்பிக்கையையும் புகழ்ச்சியையும் விளம்பரத்தையும் மீறி உண்மையை அறிவதற்கு மனிதன் கண்ட வழிகளுள் ஒழுங்கான சோதனை தலைசிறந்தது. ஆயின் அச்சோதனைக்கு ஒரு மனித உடல் வேண்டும். அந்த உடல் எங்கிருந்து வந்தது?

நியூயோர்க் நகரிலே பவறி என்றொரு தெரு உண்டு. வேலையும் வீடும் இழந்து குடிக்கு அடிமையான ஆண்கள் மலிவு விடுதிகளில் ஒதுங்கிக் கிடந்த இடம் அது. முன்னிற்கும் சுரப்பிப் புற்றை முளையிலேயே கண்டுபிடிக்க முடியுமா என்பதை ஆராய, கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெரி ஹட்சன் என்ற வைத்தியர் 1951 முதல் 1966 வரை அங்கிருந்து 1,200 இற்கு மேற்பட்டவர்களைத் திரட்டினார். சில நாட்களுக்குச் சுத்தமான படுக்கை, மூன்று வேளை உணவு, நோய் கண்டால் இலவச வைத்தியம் என்பன அவர்களுக்குக் காட்டப்பட்ட தூண்டில். அதற்கு ஈடாக, அவர்களின் உடலைக் கீறிச் சுரப்பியின் துண்டொன்று எடுக்கப்பட்டது. ஆண்மைக் குறைவும் குடற்காயமும் நேரக்கூடிய அறுவை அது. அந்த ஆபத்துகள் அவர்களுக்கு உரியவாறு உரைக்கப்படவில்லை. புற்று காணப்பட்டால் சுரப்பி அகற்றப்பட்டது, விதைகளும் அகற்றப்பட்டன, ஸ்டில்பெஸ்டிரோலும் கொடுக்கப்பட்டது. அரசாங்க நிதியில் நடந்த இவ்வாராய்ச்சியின் முழுக்கதை, வரலாற்றறிஞர் றொபேட் அறனோவிச்சின் ஆய்வால் 2013 அளவிலேதான் பரவலாக வெளியே தெரிந்தது.

இதிலே கவனிக்கத்தக்கது ஆண்டுக்கணக்கு. நாசி வைத்தியர்களின் கொடுமைகளை விசாரித்த நூரெம்பேர்க் நீதிமன்றம், மனிதன் மீது நடக்கும் எந்தச் சோதனைக்கும் அவனது சுயமான சம்மதம் முற்றிலும் இன்றியமையாதது என்று 1947 இலேயே வரையறுத்துவிட்டது. அந்த நீதிமன்றத்தை நடத்திய நாட்டிலேயே, நாலு ஆண்டுகளின் பின்னர், பவறிச் சோதனை தொடங்கிற்று. அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீயில் மேகநோய் கண்ட 399 கறுப்பினத்தவரை, நோய் எவ்வாறு முற்றுகிறது என்று பார்ப்பதற்காக, பெனிசிலின் வந்த பின்னரும் வைத்தியமின்றி விட்டிருந்த கொடுமையும் 1932 முதல் 1972 வரை அங்கேயே நடந்தது. அவர்களிற் பெரும்பாலோர் ஏழைக் குத்தகை விவசாயிகள். 1964 இல் உலக மருத்துவச் சங்கம் ஹெல்சிங்கிப் பிரகடனத்தை வெளியிட்டதும் இக்காலத்திலேதான். நெறிகள் ஏட்டிலே உயர்ந்து நின்றன. பசித்தவன், கறுப்பன், எழுதப் படிக்கத் தெரியாதவன் ஆகியோரின் உடல்கள் மட்டும் அந்நெறிகளுக்கு வெளியே கிடந்தன. சம்மதம் என்பது வெறும் கையொப்பமாயின் பவறியிலும் சம்மதம் இருந்தது. உண்ண உணவும் படுக்க இடமும் இல்லாதவன் அவற்றுக்காகத் தலையசைத்தால் அதனைச் சுயமான சம்மதம் என்று கொள்ள முடியுமா?

ஏழைகளிடத்தே நடக்கும் சோதனைகள் யாவும் சுரண்டலே என்று இதிலிருந்து முடிவுசெய்தல் பொருந்தாது. அதற்கு மறுதலையான சான்று தமிழகத்திலேயே உண்டு. நோய் வேறாயினும் பாடம் பொருந்துவதால் அதனை இங்கே நினைவுகூர்தல் தகும். 1956 இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை ஆகியன சேர்ந்து சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையத்தை நிறுவின. அக்காலத்தில் காசநோயாளி நல்ல காற்றும் ஊட்டமான உணவும் பூரண ஓய்வும் உள்ள சானட்டோரியத்திற் கிடந்தாலன்றிக் குணமாகான் என்ற கருத்து வேரூன்றியிருந்தது. இந்தியா முழுவதிலும் இருந்த நோயாளருக்குப் போதுமான கட்டில்கள் எக்காலத்திலும் கிடைக்கப்போவதில்லை. ஆதலால் அந்நிலையம் ஏழையின் கேள்வியையே எடுத்துக்கொண்டது. நெருக்கமான குடிசையில், அரைவயிற்றுணவோடு இருப்பவனுக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தால் குணமாகுமா?

193 நோயாளர் இரு பிரிவாக்கப்பட்டு, ஒரு பிரிவினர் வீட்டிலும் மறு பிரிவினர் சானட்டோரியத்திலும் ஓராண்டு ஒரே மருந்துகளை உட்கொண்டனர். 1959 இல் வெளியான முடிவின்படி இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவிற் குணமடைந்தனர். வீட்டிலிருந்த நோயாளியால் குடும்பத்தாருக்குக் கூடுதலான ஆபத்தும் நேரவில்லை. உலகின் காசநோய்க் கொள்கையையே இம்முடிவு மாற்றிற்று. மருந்தும் மேற்பார்வையும் இருந்தால் மாளிகை வேண்டாம் என்பது நிலைநாட்டப்பட்டது. அன்றைய சம்மத முறைகள் இன்றைய அளவுகோலுக்கு எட்டியவை என்று நாம் வாதிடவில்லை. ஆனால் சோதனைக்கு உடல் தந்த மக்களின் கேள்வியே அங்கு கேட்கப்பட்டது. அதன் பயனும் அம்மக்களுக்கே திரும்பி வந்தது. பவறியையும் சேத்துப்பட்டையும் பிரிக்கும் கோடு இதுவே.

அக்கோடு எவ்வளவு எளிதில் அழிக்கப்படும் என்பதற்கு 1999 - 2000 காலத்தில் திருவனந்தபுரம் பிராந்தியப் புற்றுநோய் நிலையத்தில் நடந்தது எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்து விஞ்ஞானி ஒருவர் கண்ட இரசாயனப் பொருள், வாய்ப்புற்றுக் கண்ட 26 பேரின் கட்டிகளிலே ஊசி மூலம் ஏற்றப்பட்டது. தம்மிடம் நடப்பது சோதனை என்பது நோயாளர்க்குச் சரிவரச் சொல்லப்படவில்லை என்ற குற்றச்சாட்டு 2001 இல் எழுந்தது. விசாரணை நடத்திய பல்கலைக்கழகம், மனிதச் சோதனைக்கு வேண்டிய தனது குழுவின் அனுமதி பெறப்படவில்லை என்பதை அவ்வாண்டே ஒப்புக்கொண்டு, அவ்விஞ்ஞானி மனிதர் மீதான ஆய்வுகளைத் தலைமையேற்று நடத்துவதைத் தடைசெய்தது. தன் நாட்டிலே பெற வேண்டிய அனுமதியைப் பெறாமல் அயல்நாட்டு ஏழையிடத்தே சோதிக்கலாம் என்ற துணிவு எங்கிருந்து வந்தது என்பதை வாசகர் சிந்திப்பாராக.

இனி இக்காலத்து இலக்கு மருந்துகளுக்கு வருவோம். பழைய புற்றுநோய் மருந்துகள் வேகமாகப் பெருகும் கலங்கள் யாவற்றையும் தாக்கின. களையைக் கொல்ல வயலுக்கே தீ வைப்பது போன்ற முறை அது. இலக்கு மருந்தோ புற்றுக்கலம் எந்த ஒரு தொடரால் உயிர்வாழ்கிறதோ அத்தொடரை மட்டும் அறுக்க முயல்கிறது. முன்னிற்கும் சுரப்பிப் புற்றில் அத்தொடர் ஆண்மை ஓமோன். விதைகளை நீக்கிய பின்னரும் சில ஆண்டுகளில் நோய் மீண்டும் தலைதூக்குவதேன் என்ற புதிர் நெடுங்காலம் இருந்தது. சிறுநீரகத்தின் மேலுள்ள அதிரீனல் சுரப்பியும், புற்றுக்கட்டியுங்கூட, அந்த ஓமோனை ஆக்குகின்றன என்பது தெரியவந்தது. அவ்வாக்கத்துக்கு வேண்டிய நொதியத்தைத் தடுக்கும் அபிராட்டரோன் என்னும் மருந்து, இலண்டன் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவானது. ஓமோன் என்னும் திறப்பு நுழையும் பூட்டுத் துவாரத்தையே அடைத்துவிடும் என்சலூட்டமைட், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் உருவானது.

என்சலூட்டமைட்டைச் சோதித்த பெரிய ஆய்வின் முடிவு 2012 இல் வெளியானது. 1,199 நோயாளர் அதிற் சேர்ந்தனர். மூவரில் இருவருக்கு மருந்து. ஒருவருக்கு வெறும் குளிகை. எவருக்கு எது என்பது நோயாளருக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. மருந்து பெற்றோரிற் பாதிப்பேர் 18.4 மாதம் வரையிலும், பெறாதோரிற் பாதிப்பேர் 13.6 மாதம் வரையிலும் உயிரோடிருந்தனர். ஏறத்தாழ ஐந்து மாதம்! பேரப்பிள்ளையின் திருமணத்தைக் காண ஐந்து மாதம் போதும். அதனைக் குறைத்து மதிப்பிட எவருக்கும் உரிமையில்லை. பயன் உறுதியானதும் சோதனை நிறுத்தப்பட்டு, வெறும் குளிகை பெற்றோருக்கும் மருந்து வழங்க முன்வந்தனர். நெறி இங்கே பேணப்பட்டது.

ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை. பொதுப் பல்கலைக்கழகமொன்றில், பொதுப்பணத்தின் துணையோடு பிறந்த அந்த மருந்துக்கு உரிமை கொண்டிருந்த மெடிவேஷன் என்ற நிறுவனத்தை 2016 இல் பைசர் நிறுவனம் ஏறத்தாழ 1,400 கோடி டொலருக்கு வாங்கிற்று. உடலைத் தந்தவர் 1,199 பேர். வரி தந்தவர் கோடிக்கணக்கானோர். விலை பேசியவர் பங்குதாரர். 1938 இல் டொட்ஸ் தம் கண்டுபிடிப்பை உலகுக்கு விட்டுக்கொடுத்ததற்கும் இதற்கும் இடையிலே எவ்வளவு தூரம்! விஞ்ஞானம் அந்த எழுபத்தெட்டு ஆண்டுகளில் முன்னேறியது. உடைமை முறையோ பின்னோக்கி நடந்தது.

அதன் பின்னர் இலக்கு மேலும் குறுகிற்று. பழுதான பரம்பரையலகைத் திருத்தும் ஆற்றலை இழந்த புற்றுக்கலங்களை மட்டும் தாக்கும் ஒலாபரிப் என்னும் மருந்து 387 பேரிடத்தே சோதிக்கப்பட்டு 2020 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. புற்றுக்கலத்தின் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதத்தைத் தேடிச் சென்று ஒட்டிக் கதிர்வீசும் லூட்டீசியம் மருந்து 831 பேரிடத்தே சோதிக்கப்பட்டது. 2021 இல் முடிவு வெளிவந்தது. 2022 இல் அனுமதி கிடைத்தது. இரண்டாவது சோதனை வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மட்டுமே நடந்தது. ஒலாபரிப்பை எழுதிக் கொடுப்பதற்கு முன் நோயாளியின் பரம்பரையலகைப் பரிசோதிக்க வேண்டும். லூட்டீசியத்துக்கோ கதிரியக்கப் படமெடுக்கும் உயர்தரக் கருவிகள் வேண்டும். இலக்குக் கூர்மையாக ஆக, அதனை எய்யும் வில்லின் விலையும் ஏறிக்கொண்டே போகின்றது. ஒரு காலத்தில் ஏழையின் உடலைத் தேடி அலைந்த ஆராய்ச்சி, இன்று பெரும்பாலும் அவனைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. பவறியிலே அவனைப் பயன்படுத்தினர். இப்போது அவனை மறந்துவிட்டனர். இரண்டும் ஒரே அநீதியின் இரு முகங்கள்.

இந்நிலையை எதிர்த்த போராட்டங்களும் வரலாற்றில் உள்ளன. இரத்தப் புற்றுக்குரிய இமாட்டினிப் என்ற இலக்கு மருந்துக்கு நொவார்ட்டிஸ் நிறுவனம் கோரிய காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 இல் மறுத்தது. பழைய பொருளின் புதிய வடிவத்துக்கு, மருத்துவப் பயன் கூடியதென நிறுவாமல், மீண்டும் உரிமை கோர முடியாது என்பது இந்தியச் சட்டம். மும்பையின் புற்றுநோயாளர் உதவிச் சங்கம் அவ்வழக்கிலே எதிர்த்து நின்றது. சென்னை உயர் நீதிமன்றத்தையும் கடந்து சென்ற வழக்கில், 2013 ஏப்ரல் 1 ஆந் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் முறையீட்டைத் தள்ளியது. மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாவுக்கு விற்ற மருந்தை, இந்தியக் கம்பனிகள் 10,000 ரூபாவுக்கும் குறைவாக விற்கும் வழி அதனால் காக்கப்பட்டது.

நம் நாடு இவ்விடயத்தில் முன்னோடியாக இருந்தது என்பதை இன்றைய தலைமுறை அறிதல் வேண்டும். மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலேயும், கம்யூனிஸ்ட் கட்சித் தலைவரும் வைத்தியருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971 இல் அளித்த அறிக்கையின் வழியே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றிற்று. வணிகப் பெயர்களுக்குப் பதிலாக மருந்தின் உண்மைப் பெயர், உலகச் சந்தையில் மொத்தக் கொள்வனவு, தேவையற்ற மருந்துகளை நீக்கிய குறும்பட்டியல் என்பன அத்திட்டத்தின் தூண்கள். 2,100 அளவில் இருந்த மருந்துகள் 600 அளவுக்குக் குறைக்கப்பட்டன. பன்னாட்டு நிறுவனங்கள் இதனை எதிர்த்தன. பிபிலே 1977 இல் கயானாவிலே காலமானார். ஆனால் ஒரு சிறிய ஏழை நாடு 'எங்களுக்கு எந்த மருந்து வேண்டும்?' என்று தானே கேட்கலாம் என்பதை அவர் உலகுக்குக் காட்டிச் சென்றார்.

அவ்வாறு கேட்கப்பட்ட ஒரு கேள்வியின் அண்மைக்கால உதாரணம் ஹகின்ஸின் சிக்காகோ பல்கலைக்கழகத்திலிருந்தே வந்தது. அபிராட்டரோனை வெறும் வயிற்றில் 1,000 மில்லிகிராம் விழுங்க வேண்டும் என்பது நிறுவனம் வகுத்த முறை. உணவோடு உட்கொண்டால் இம்மருந்து உடலில் பன்மடங்கு சேருகிறது. அப்படியாயின் காலை உணவோடு காற்பங்கு மருந்து போதாதா? 72 நோயாளரிடத்தே நடந்த சோதனையின் முடிவு 2018 இல் வெளியானது. எளிய காலை உணவோடு எடுத்த 250 மில்லிகிராம், புற்றின் இரத்தக் குறிகாட்டியைக் குறைப்பதில் முழு அளவுக்குப் பின்தங்கவில்லை. ஆயுளை அளந்த பெருஞ்சோதனை அன்று அது. ஆயினும் ஒருவர்க்குரிய மருந்தால் நால்வரைக் காக்கலாம் என்ற வழியை அது திறந்தது. மருந்து குறைவாக விற்பதற்கு வழிகாட்டும் ஆராய்ச்சியை மருந்து விற்பவர் நடத்துவாரா? 2019 இல் உலக சுகாதார நிறுவனம் அபிராட்டரோனை இன்றியமையா மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது. நம்போன்ற நாடுகள் கேட்க வேண்டிய கேள்விகள் இவ்வகையினவே.

இவையனைத்தும் வன்னிக்கு எவ்விதம் உறவுடையன என்று கேட்கப்படலாம். மருந்தின் அருமையை வன்னி மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1990களின் தடைக்காலத்தில் சாதாரண வலி நிவாரணியும் இங்கே அரும்பொருளாயிருந்தது. 2009 இல் போரின் முடிவில் செட்டிகுளத்து முகாம்களுக்குள் வந்து சேர்ந்தவர்களிற் பலர், வீட்டோடு சேர்த்துத் தமது கிளினிக் கொப்பிகளையும் இழந்திருந்தனர். 2022 இன் பொருளாதார நெருக்கடியிலே நாடு முழுவதும் புற்றுநோய் மருந்துக்குத் தவித்தபோது, நீண்ட தூரம் பயணம் செய்ய வேண்டியவர்களுக்கே அத்தவிப்புக் கடுமையாயிற்று. 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்த நடைபயணத்தில் திரட்டிய நிதியால் தெல்லிப்பழையிலே புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. தெற்கும் வடக்கும் சேர்ந்து செய்த நற்பணி அது. ஆயினும் ஒட்டுசுட்டானிலிருந்தோ துணுக்காயிலிருந்தோ தெல்லிப்பழைக்கோ மகரகமைக்கோ செல்லும் முதியவருக்கு ஒரு நாட் கூலியும், துணைக்கு வரும் மகனின் ஒரு நாட் கூலியும் போய்விடுகின்றன.

நாளை ஒரு புதிய மருந்தின் சோதனைக்கு இம்மாவட்டங்களின் நோயாளர் அழைக்கப்படலாம். அழைக்கப்படுதல் நல்லதே. நம் மக்களின் உடலிலே ஒரு மருந்து எவ்விதம் இயங்குகிறது என்பதை நம் மக்களிடமன்றி வேறெங்கும் அறிய இயலாது. சட்ட அமைப்புகளும் ஓரளவு உள்ளன. இலங்கை மருத்துவச் சங்கம் 2006 இல் சோதனைகளின் பதிவேட்டைத் தொடங்கியது. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் மருந்துச் சோதனைகளைத் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் கீழ்க் கொணர்ந்தது. ஆனால் சட்டத்துக்கும் கட்டிலிற் கிடக்கும் நோயாளிக்கும் இடையிலே ஒரு பத்திரம் இருக்கிறது. அதுவே சம்மதப் பத்திரம். அது மொழியால் ஆனது.

கையொப்பம் என்பது இங்கே பாரமான சொல். 1956 இன் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பின் தமக்கு விளங்காத மொழியிலே எழுதப்பட்ட பத்திரங்களில் ஒப்பமிட்டுப் பழகிய மக்கள் நாம். வாக்குமூலத்துக்கு ஒப்பம், நிவாரணத்துக்கு ஒப்பம், பதிவுக்கு ஒப்பம். அதிகாரி நீட்டினால் ஒப்பமிடுவது என்ற பழக்கம் அச்சத்திலிருந்து பிறந்தது. வைத்தியர் நீட்டும் பத்திரத்திலும் அதே விரல்களே பேனாவைப் பிடிக்கின்றன. பத்திரம் தமிழில் இருந்தால் மட்டும் போதுமா? 'எழுமாற்றுப்படுத்தப்பட்ட இரட்டைக் குருட்டு ஆய்வு' என்று அச்சிட்டால் அது தமிழெழுத்தேயன்றித் தமிழன்று. அதையே, 'உமக்கு எது கிடைக்கும் என்பது திருவுளச்சீட்டுப் போடுவது போலத் தீர்மானிக்கப்படும். மூவரில் ஒருவருக்கு மருந்தில்லாத வெறும் குளிகையே கிடைக்கும். எது கிடைத்ததென்று வைத்தியருக்கும் தெரியாது. விரும்பிய நேரம் நீர் விலகலாம். விலகினாலும் உமக்குரிய வழமையான வைத்தியம் நிற்காது' என்று எழுதினால், எழுத்தறியாத முதியவரும் கேட்டு விளங்கிக்கொண்டு ஆமென்றோ இல்லையென்றோ சொல்ல முடியும். 'இல்லை' என்று சொல்ல முடிந்தவனின் 'ஆம்' மட்டுமே சம்மதம்.

மேலை மருத்துவத்தைத் தமிழிற் சொல்ல முடியாது என்பார்க்கு யாழ்ப்பாணமே விடை. 1847 இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 1873 இல் அவர் நாடு திரும்புவதற்கு முன்னும் பின்னுமாக 4,000 பக்கங்களுக்கு மேற்பட்ட மருத்துவ நூல்கள் தமிழிலே வெளிவந்தன. கடல் கடந்து வந்த ஒருவரால் அன்று இயன்றது, தமிழ் கற்ற நம்மால் இன்று இயலாதா? சம்மதப் பத்திரங்களை மக்கள் தமிழில் எழுதுவதும், ஒப்புதல் வழங்கும் நெறிக்குழுக்களில் வைத்தியரோடும் சட்டத்தரணியோடும் ஒரு விவசாயியும் ஓர் ஆசிரியரும் அமர்ந்து 'இது எங்களுக்கு விளங்கவில்லை' என்று சொல்வதும் கட்டாயமாக்கப்படல் வேண்டும். தமிழ்ப் பட்டம் பெற்றோர்க்கு இலக்கியத்துக்கு அப்பாலும் ஒரு கடமை இங்கே காத்திருக்கின்றது.

மொழியோடு மூன்று உறுதிமொழிகளும் கேட்கப்படல் வேண்டும். சோதனை முடிந்து மருந்து வெற்றி பெற்றால், சோதனைக்கு உடல் தந்த மாவட்டத்தின் வைத்தியசாலையிலே அது இலவசமாகக் கிடைக்குமா? தீங்கு நேர்ந்தால் குடும்பத்துக்கு இழப்பீடு உண்டா? முடிவு தோல்வியாயினும் அதனை மறைக்காமல் வெளியிடுவார்களா? இவற்றுக்கு எழுத்தில் விடையில்லாத சோதனை, எவ்வளவு உயர்ந்த பல்கலைக்கழகத்திலிருந்து வந்தாலும், பவறித் தெருவின் கிளைத்தெருவே. எழுத்தில் விடை தரும் சோதனையோ சேத்துப்பட்டின் வழியில் நடப்பது. அதனை நாம் இருகை நீட்டி வரவேற்கலாம்.

1941 இல் சிக்காகோவில் எழுந்து நடந்த அந்த 21 பேரும், பவறியிலே ஒரு வேளை உணவுக்காகக் கீறப்பட்டவர்களும், வெறும் குளிகையைப் பொறுமையோடு விழுங்கியவர்களும் இந்நோயின் மருந்துகளுக்கு இணை ஆசிரியர்கள். அவர்கள் தந்தது கடன். அக்கடனை எந்த நிறுவனத்தின் இலாபக் கணக்கிலும் தீர்க்க முடியாது. இரவில் எழுந்து முற்றத்திலே நிற்கும் வன்னி முதியவருக்கு நோயை வேளையோடு கண்டு சொல்லும் பரிசோதனையும், வாங்கக்கூடிய மருந்தும், விளங்கக்கூடிய சொல்லும் கிடைக்கும் நாளிலேதான் அது தீரும். அந்த நாளை நெருங்கச் செய்வது வைத்தியருக்கு மட்டும் உரிய வேலை அன்று.